எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில் வந்த வீட்டு வரி

எனக்கும் என் கணவருக்கும் இரண்டு தடவை கல்யாணம் நடந்தது. முதலாவது தை மாதத்தில், ஹனோவரில், ஒரு பதிவாளர் முன்னால், பன்னிரண்டு நிமிடத்தில். இரண்டாவது ஆவணியில், கோயில் மண்டபத்தில், நாதஸ்வரமும் ஐயரும் மூன்று சேலை மாற்றமுமாக நாள் முழுக்க. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் முதலாவதை எழுத்து என்பார்கள். இரண்டாவதைத்தான் கல்யாணம் என்பார்கள். எழுத்து முடிந்து தாலி ஏறாத பெண் ஒரு விசித்திரப் பிறவி. ஜெர்மன் சட்டத்துக்கு அவள் மனைவி. பெற்ற தாய்க்கு அவள் இன்னும் குமர்ப்பிள்ளை. ஏழு மாதம் நான் அப்படி ஒரு பிறவி; அதில் முக்கால்வாசி நாள் ஹம்பேர்க்குக்கும் ஹனோவருக்கும் இடையில் ரயிலில் ஓடிக்கொண்டிருந்தேன்.

இடையில் ஏன் இத்தனை மாதம் என்று ஜெர்மன் தோழிகள் கேட்கும்போதெல்லாம் 'கனடா' என்று மட்டும் சொல்வேன். கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டால்தான் அவர்கள் வரலாம். விடுமுறை விட்டதும் ஆடி மாதம் குறுக்கே நிற்கும். ஆடி கழிந்தால் ஆவணியில் சாத்திரியார் குறித்துத் தந்தது ஒரே ஒரு நாள். சரி, எழுத்தையாவது அவசரப்படாமல் வைத்திருக்கலாமே என்றால், ஹனோவரில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. அருமையாக இரண்டு அறை வீடு ஒன்று அகப்பட்டபோது, மணமான சோடியாக இருந்தால் விருப்பம் என்றார் வீட்டுக்காரர். அடுத்த மாதமே ஓடிப்போய் எழுத்தை முடித்தோம். கணவர் அந்த வீட்டுக்குக் குடிபோனார். அவருக்கு மின்தூக்கி திருத்தும் வேலை, ஹனோவர் முழுவதும் மேலும் கீழுமாகப் போய்வருவார். நானும் அதே விலாசத்தில் பதிந்துகொண்டேன். என் சாமான்கள் பத்துப் பெட்டிகளில் அங்கே போய்ச் சேர்ந்தன. நான் மட்டும் போகவில்லை. அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"வடிவாக் கதையுங்கோ, கடைக்குப் போங்கோ, கோப்பி குடியுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனால் தாலி ஏறுமட்டும் ஒரு கூரைக்குக் கீழை படுக்கிற கதை இல்லை."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அம்மாவின் வேதவாக்கு. ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதி லண்டனிலும் பாதி ரொறன்ரோவிலும் இருக்கிறது, ஆனாலும் அதன் வாய் ஹனோவர் வரை எட்டும்.

மாசி மாதம் என் கம்பனி என்னை ஹம்பேர்க்குக்கு மாற்றியது. கப்பலில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் ஏற வேண்டும் என்று திட்டமிடும் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தேன். குளியலறைக் கதவைத் திறந்தால் கட்டிலில் முட்டும். அலுமாரியைத் திறக்க வேண்டும் என்றால் கதிரையைத் தூக்கிக் கட்டிலில் வைக்க வேண்டும். சன்னலால் எட்டிப் பார்த்தால் எஸ்-பான் ரயில் போவது தெரியும், ரயிலில் இருப்பவர்களுக்கு என் கட்டில் தெரியும். ஆக, எனக்கு அப்போது மூன்று வீடுகள். கணவரின் வீட்டில் என் சாமான் இருந்தது. அதே ஹனோவரில் பெற்றோர் வீட்டில் என் மானம் இருந்தது. ஹம்பேர்க்கில் நான் இருந்தேன்.

எனக்குச் சந்தோசமோ சந்தோசம். ஏன் என்று கேட்டால், வெள்ளிக்கிழமை. என் ரயில் ஹனோவருக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும். அது பிந்தி எட்டு மணிக்குத்தான் வரும் என்று அம்மாவுக்குச் சொல்லிவைத்திருந்தேன். ரயில் பிந்திவிட்டது என்று சொன்னால் இந்த நாட்டில் ஒருவரும் மறுகேள்வி கேட்பதில்லை. அந்த இரண்டு மணித்தியாலமும் கணவரோடு. பெரிதாக ஒன்றும் செய்யமாட்டோம் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் இது நினைவுக் குறிப்பு, புளுகக் கூடாது. மணமான ஒருத்தி தன் சொந்தக் கணவனைக் களவாகப் பார்க்கப் போவதில் இருக்கும் குஷி, முறைப்படி தாலி கட்டிக் குடித்தனம் போனவர்களுக்குத் தெரியாது. படியில் ஏறும்போதே சிரிப்பு வந்துவிடும்.

பங்குனி மாதத்தில் ஹம்பேர்க் வரி அலுவலகத்தில் இருந்து ஒரு படிவம் வந்தது. அந்த நகரத்தில் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்கள் அதற்குத் தனியாக வரி கட்ட வேண்டும். கடற்கரைப் பக்கம் ஒரு மாளிகை, மலைப் பக்கம் ஒரு மாளிகை என்று வைத்திருப்பவர்களுக்குச் செய்த சட்டமாக இருக்க வேண்டும். சைக்கிள் கடைக்கு மேலே படுப்பவளையும் அது விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒரு விலக்கு இருந்தது. மணமானவர், குடும்ப வீடு வேறு ஊரில் இருக்கிறது, வேலைக்காக மட்டும் இங்கே அறை எடுத்திருக்கிறார் என்றால் வரி இல்லை. எனக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது அந்த விலக்கு.

வார இறுதியில் பெற்றோர் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துப் படிவத்தை நிரப்பினேன். அதுதான் நான் விட்ட பிழை. அம்மா பின்னால் வந்து நின்றார். கையில் அகப்பை.

பெயர், விலாசம், மணமான திகதி எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தில் கேள்வி: கணவரோடு சேர்ந்து வாழ்கிறீர்களா, நிரந்தரமாகப் பிரிந்து வாழ்கிறீர்களா?

"உதிலை என்ன கேக்கினம்?" என்றார் அம்மா.

சொன்னேன்.

"சேர்ந்து இருக்கிறம் எண்டோ எழுதப் போறாய்?"

"எழுத்து முடிஞ்சுதுதானே அம்மா."

"தாலி ஏறாமல் ஒண்டா இருக்கிறன் எண்டு நீயே கையெழுத்து வைச்சு அரசாங்கத்துக்கு அனுப்பப் போறியோ? உந்தக் கந்தோரிலை எங்கட சனம் வேலை செய்யுதோ ஆருக்குத் தெரியும்! தையல் கிளாசுக்கு வாற அக்கான்ர மகள் ஹம்பேர்க்கிலை ஏதோ கந்தோரிலைதான் இருக்கிறாள்."

அந்த அக்காவின் மகள் நகரத்தின் கழிவுநீர்ப் பகுதியில் வேலை செய்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் பின்கழுத்தில் அம்மாவின் மூச்சுப் பட்டுக்கொண்டிருந்தது. நான் நாலு வயதில் இருந்து இந்த நாட்டில் வளர்ந்தவள். ஜெர்மன் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிரிந்து வாழ்வது என்று அந்தப் படிவம் கேட்பது குடும்பம் குலைந்துபோனவர்களை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அம்மா பக்கத்தில் நின்றால் எனக்கு வயது பதினாலு. தவிரவும், ஒரு பக்கத்தால் பார்த்தால் அது உண்மைதானே என்றும் ஒரு குறுக்குப் புத்தி. நான் படுப்பது வேறு இடம், அவர் படுப்பது வேறு இடம். வெள்ளிக்கிழமையைப் பற்றி அந்தப் படிவம் கேட்கவுமில்லை. பேனையை எடுத்தேன். 'நிரந்தரமாகப் பிரிந்து' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். அம்மா நிம்மதியாக அகப்பையோடு அடுப்படிக்குத் திரும்பிப் போனார். நான் தபாலில் போட்டுவிட்டு அதை மறந்தும் போனேன்.

வைகாசியில் பதில் வந்தது. பெஷைட் என்று தலைப்புப் போட்ட கடிதம். இந்த நாட்டில் பெஷைட் வந்தால் அது அரசாங்கத்தின் முடிவு, ஒரு மாதத்துக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் அது கல்லில் வெட்டியது. நீங்கள் உங்கள் கணவரிடம் இருந்து நிரந்தரமாகப் பிரிந்து வாழ்வதால் விலக்கு இல்லை, மாசியில் இருந்து இரண்டாம் வீட்டு வரி கட்டவும் என்று அதில் இருந்தது. நான் கட்டிலில் இருந்தபடி விழுந்து விழுந்து சிரித்தேன். கல்யாணத்துக்கு முதலே பிரிந்துபோன ஒரே மனைவி நானாகத்தான் இருப்பேன். ஆவணியில் வரப்போகிற அத்தனை பேருக்கும் அழைப்பிதழ் அச்சாகிக்கொண்டிருக்கிறது!

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கடிதத்தைக் கணவரிடம் காட்டினேன். அவரும் சிரித்தார். "வாரும் வாரும், பிரிஞ்சு போன பெண்சாதி, தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்றார். ஆளுக்கு ஆள் பகிடி விட்டோம். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு அதை மடித்து மேசையில் வைத்தார்.

"ஆனால் நீர் ஏன் அப்பிடிப் போட்டனீர்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லித் தப்பியிருப்பேன். சும்மா அறிய விரும்புகிற மாதிரிக் கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றார் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு நொண்டிச் சாட்டு என்று விளங்கியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய பெயருக்கு நேரே, ஒரு அரசாங்கத் தாளில், 'இந்த ஆளோடு நான் இல்லை' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். காசு பெரிய காசு இல்லை. மாதம் ஒருதரம் இரண்டு பேர் வெளியே போய்ச் சாப்பிடும் காசு. ஆனால் அந்தப் புள்ளடியை அழிக்காமல் ஆவணியில் மணவறையில் போய் இருக்க எனக்கு மனம் வராது என்று அந்த நிமிடமே தெரிந்தது.

"நான் அதை மாத்துறன்," என்றேன்.

"மாமிக்கு என்ன சொல்லுவீர்?"

மணி எட்டாகப் போகிறது என்று கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளிக்கிட்டேன்.

வீட்டில் வரி வந்த கதையை மட்டும் சொன்னேன். "கட்டிப்போட்டு விடு பிள்ளை, வில்லங்கம் வேண்டாம்," என்றார் அப்பா. அப்பா முப்பது வருடமாக இந்த நாட்டுக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் சொல்லும் வைத்தியம் அது. அம்மாவும் அவர் பக்கம்தான். காசு போனால் வரும், மானம் போனால் வருமோ என்றார். நான் திங்கட்கிழமை ஹம்பேர்க் வந்து, மதிய இடைவேளையில் வரி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். என் கோப்பைப் பார்க்கும் அதிகாரி ஒரு பெண். குரலைக் கேட்டால் ஓய்வுபெற ஒன்றிரண்டு வருடம் இருக்கும் போலிருந்தது.

"படிவத்தில் நீங்களேதான் பிரிந்து வாழ்வதாகக் குறித்திருக்கிறீர்கள்," என்றார்.

"உண்மைதான். ஆனால் நாங்கள் பிரியவில்லை. இன்னும் சேரவில்லை."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "நீங்கள் மணமானவர்தானே?"

"ஓம், ஜனவரியில்."

"பிறகு என்ன நடந்தது?"

"ஒன்றும் நடக்கவில்லை. ஓகஸ்டில் கல்யாணம்."

"யாரோடு?"

"அதே ஆளோடுதான்."

கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு அவர், அவசரமில்லை, முதலில் இருந்து சொல்லுங்கள் என்றார். எழுத்து, தாலி, சாத்திரியார், ஆடி மாதம், கனடா என்று என் மதிய இடைவேளை முழுவதும் சொன்னேன். அவர் இடையிடையே கேட்ட கேள்விகள் வரிக்குத் தேவையானவை என்று எனக்குத் தோன்றவில்லை. சேலை என்ன நிறம் என்பது அதில் ஒன்று. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் அதிகாரியானார்.

"யார் எங்கே தூங்குகிறார்கள் என்பது எங்களுக்குத் தேவையில்லை, நல்லவேளை. உங்கள் இருவருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் இருக்கிறதா, குடும்ப வீடு என்று ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆனால் நீங்கள் கையெழுத்து வைத்து ஒன்றைச் சொல்லிவிட்டு, வரி வந்ததும் வேறொன்றைச் சொல்கிறீர்கள். இந்தக் கடிதத்தைக் கண்டதும் பலருக்குத் திடீரென்று கணவன் மேல் அன்பு வந்துவிடும். நான் நிறையப் பார்த்துவிட்டேன்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"ஆட்சேபம் எழுதுங்கள். அதோடு, ஹனோவர் வீடுதான் உங்கள் குடும்ப வீடு என்று உங்களைத் தவிர இன்னொருவர் எழுதித் தரட்டும். உங்களை நன்றாகத் தெரிந்தவர். அம்மா என்றால் மிகவும் நல்லது."

அம்மா என்றால் மிகவும் நல்லதாம்! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, எவர் சொல்லி அந்தப் புள்ளடியைப் போட்டேனோ அவரே அதை அழித்துத் தர வேண்டும். தொலைபேசியை வைத்துவிட்டு, துறைமுகத்துக் காற்றில் நின்று, தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்த ஒருவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

ஆட்சேபத்தை அன்றைக்கே எழுதி அனுப்பினேன். சாட்சிக் கடிதம் பின்னால் வரும் என்றும் போட்டேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையும் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் துணிவு வந்தது, அதுவும் கணவர் படிவரை வந்து, "இண்டைக்குக் கேக்காமல் விட்டால் வாற வெள்ளிக்கிழமை கதவு திறக்கமாட்டன்," என்று வெருட்டி அனுப்பியதால். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா சமையலறையில் கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தரவேணும்."

"ஆருக்கு?"

"வரிக் கந்தோருக்கு."

"என்னெண்டு?"

"நானும் அவரும் குடும்பமா இருக்கிறது அந்த வீட்டிலைதான் எண்டு."

கத்தி நின்றது. "தாலி ஏறேல்லை."

"ஏறேல்லைத்தான்."

"அது அவைக்குத் தெரியுமோ?"

"சொன்னனான் அம்மா. அங்கை இருக்கிற மனுசிக்கு எல்லாம் சொன்னனான்."

"தாலி எண்டால் என்னெண்டு அந்த மனுசிக்கு விளங்கினதோ?"

"மோதிரம் மாதிரி, ஆனால் கழுத்திலை எண்டு சொன்னன்."

"மோதிரம் மாதிரியோ!" அம்மாவுக்கு அதுதான் பெரிய அவமானமாகப் போய்விட்டது. ஐந்து நிமிடம் அதற்கே ஏச்சு விழுந்தது. ஏசிக்கொண்டே லீக்ஸ் முழுவதையும் அரிந்து முடித்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு எனக்கு முன்னால் வந்து இருந்தார்.

"படுக்கிறது எங்கை எண்டு கேட்டவையோ?"

"இல்லை. அது அவைக்குத் தேவையில்லையாம்."

"வெள்ளிக்கிழமையிலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையிலை எங்கை நிக்கிறனீ எண்டு கேட்டவையோ?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இந்த நாட்டிலை எத்தினையோ ரயில் பிந்துறதைப் பாத்திருக்கிறன். ஒவ்வொரு கிழமையும் சொல்லி வைச்ச மாதிரி ரெண்டு மணித்தியாலம் பிந்துற ரயிலை நான் பாக்கேல்லை."

"அப்ப ஏன் அம்மா கேக்கேல்லை?"

"கேட்டால் நீ உண்மையைச் சொல்லிப்போடுவாய். பிறகு நான் என்ன செய்யிறது?"

நான் சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அம்மாவும் சிரித்தார், ஆனால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சுவருக்குக் கேட்கக்கூடாது என்கிற மாதிரி. அப்பா முன்னறையில் இருந்து, "என்ன பகிடி?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே குரலில் ஒன்றுமில்லை என்றோம். ஆனால் கடிதத்துக்கு அம்மா சம்மதிக்கவில்லை.

"பொய்க் கையெழுத்து நான் வைக்கமாட்டன். இந்த நாட்டுக்கு வந்து ஒரு தாளிலையும் நான் பொய் எழுதேல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பாப்பன். குடும்ப வீடு எண்டால் எழுதுவன். இல்லையெண்டால் வரியைக் கட்டு."

ஞாயிறு மத்தியானம் அப்பா எங்கள் இருவரையும் காரில் கொண்டுவந்து இறக்கினார். மருமகன் வீட்டுக்குத் தாலிக்கு முன் தாயும் தகப்பனுமாகப் போவது முறை இல்லை என்று அப்பாவைக் காரிலேயே இருத்திவிட்டு அம்மா மட்டும் என்னோடு மேலே வந்தார். பால் காய்ச்சிய நாளுக்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்குள் கால் வைப்பது அதுதான். கணவர் சவரம் செய்து, ஐயரைப் பார்க்கப் போகும் சேர்ட் போட்டு நின்றார். "வாங்கோ மாமி," என்றவரைத் தாண்டி அம்மா நேரே உள்ளே போனார்.

வாடகை வீடு திருப்பிக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் சுற்றிப் பார்ப்பாரே, அதைவிட மோசம். குளியலறையில் பல் தூரிகை எத்தனை என்று பார்த்தார். ஒன்று. வாசலில் செருப்பு எத்தனை என்று பார்த்தார். எல்லாம் கணவரின் நாற்பத்திநாலாம் இலக்கம். குளிர்பெட்டியில் முட்டையும் ஒரு போத்தல் சோஸும். படுக்கையறைக் கதவுக்கு முன்னால் வந்ததும் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறென்று கடந்து போனார். கடைசி மூலையில் என் பத்துப் பெட்டிகளும் ஒட்டின பசைநாடா பிரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

"இதோ குடும்ப வீடு?" என்றார் அம்மா. "இது சாமான் கட்டி வைச்ச கிட்டங்கி. அந்த மனுசி வந்து பாத்தால் இன்னும் ரெண்டு மடங்கு வரி போடும்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவ்வளவு நாள் வெள்ளிக்கிழமை வந்து சிரித்துவிட்டுப் போனேனே ஒழிய, ஒரு பெட்டியைக்கூடத் திறந்து வைக்கவில்லை. ஆவணி வரட்டும், ஆவணி வரட்டும் என்று இருந்துவிட்டேன். அம்மா சொன்னது முழு உண்மை.

பிறகு அம்மா சேலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினார். "தம்பி, கத்தி ஒண்டு கொண்டுவாங்கோ," என்றார்.

மூன்று மணித்தியாலம், அப்பா கீழே காரில் நித்திரை. பெட்டி பத்தும் வெட்டித் திறந்தாயிற்று. என் உடுப்புகளைக் கணவரின் உடுப்புக்குப் பக்கத்தில் அம்மாவே கொழுவினார், படுக்கையறை அலுமாரியில், கட்டிலைப் பார்க்காமல். "உந்த அலுமாரியை அங்காலை தள்ளுங்கோ தம்பி. இல்லை, இஞ்சாலை. இல்லை, பழையபடி அங்கையே விடுங்கோ." கணவர் மின்தூக்கி மாதிரி சொல்லச் சொல்ல ஓடினார். மிளகாய்த்தூள் போத்தல் வந்தது, இடியப்ப உரல் வந்தது, பத்தாம் வகுப்பில் நான் ஓட்டப் போட்டியில் வென்ற கிண்ணம் வந்தது. அதைத் தொலைக்காட்சிக்கு மேலே வைத்தார். ஆறாவது பெட்டிக்குள் என் செருப்பு நாலு சோடி. வாசலில் அவருடைய சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, ஒரு சோடியைக் கொஞ்சம் கோணலாக்கினார். "எல்லாம் நேரா இருந்தால் நம்பமாட்டினம்," என்றார். யாரும் வந்து பார்க்கப் போவதில்லை அம்மா என்று மூன்று தடவை சொன்னேன். கேட்டால்தானே. நடுவில் அவரே என்னைக் கடைக்கு அனுப்பப் பார்த்தார், ஞாயிறு என்று நினைவு வந்ததும் தன் கைப்பையில் இருந்து புதுத் தூரிகை ஒன்றை எடுத்துத் தந்தார். வீட்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன் என்று வந்தவர் தூரிகையோடு ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை.

தேநீர் குடித்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தார். மொழி வகுப்பில் பழகிய வட்ட வட்ட எழுத்தில், ஜெர்மனில், தானே எழுதினார். நான் தாயார் என்று ஒரு வரி. இது என் மகளும் மருமகனும் வாழும் வீடு என்று ஒரு வரி. அதற்குப் பிறகு பேனை நின்றது. பிழை ஏதும் பார்க்கிறாரோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"எனக்கும் உன்ர அப்பாவுக்கும் எழுத்து முடிஞ்சு தாலி ஏற நாலு வருசம்," என்றார், தாளைப் பார்த்தபடி. "எழுத்து முடிஞ்ச கையோடை அவர் இஞ்ச வந்திட்டார். நான் அங்கை. கடிதம் வந்தால் வரும், இல்லாட்டி இல்லை. ஆள் இருக்கோ இல்லையோ எண்டே சில நேரம் தெரியாது. கொழும்புக்கு அவர் வந்துதான் தாலி கட்டினவர், நாலு வருசத்தாலை. அந்த நேரம் ஆரும் வந்து நீ புருசனைப் பிரிஞ்சிருக்கிறியோ எண்டு கேட்டிருந்தால், நான் செருப்பாலை அடிச்சிருப்பன்."

கணவர் கதிரையை இழுத்து அம்மாவுக்கு முன்னால் இருந்தார்.

"என்ர பிள்ளை ஏன் அதிலை புள்ளடி போட்டது?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் அவரே சொன்னார். "நான் பக்கத்திலை நிண்டன்."

பிறகு மூன்றாவது வரியை எழுதினார். அவர்கள் ஒரு நாளும் பிரிந்து இருந்ததில்லை. கீழே தமிழில் கையெழுத்து.

அந்தக் கடிதம் போய் மூன்றாவது கிழமை, வரி நீக்கப்பட்டது என்று பதில் வந்தது. கடைசியில் அதிகாரி பேனையால் ஒரு வரி சேர்த்திருந்தார், ஓகஸ்டுக்கு வாழ்த்துகள் என்று. ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வரி நினைவிலேயே இல்லை. அம்மா வெளிக்கிடுகிறார் என்று நானும் மேற்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கைப்பையைத் தேடினேன்.

"நீ எங்கை வெளிக்கிடுறாய்?" என்றார் அம்மா.

"வீட்டை."

"எந்த வீட்டை? நான் இப்ப என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனான்? நீ இண்டைக்கு வந்து அங்கை படுத்தால் நான் அரசாங்கத்துக்குப் பொய் எழுதினவள் ஆகமாட்டனோ?"

கரும்பு தின்னக் கூலியா! எனக்குக் கண் கலங்கியது, அதே நேரத்தில் சிரிப்பும் வந்தது. அம்மாவைக் கட்டிப் பிடித்தேன். விடு விடு, சேலை கசங்குது என்றார். கணவரைப் பார்த்து, "தம்பி, முட்டையைக் குடுத்துப் படுக்க விடாதேங்கோ, சோறு காய்ச்சுங்கோ," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தோம். அப்பா கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா தனியாக வருவதைக் கண்டதும் மேலே பார்த்தார்.

"பிள்ளை எங்கை?"

"வரமாட்டாள்," என்றார் அம்மா, தெரு முழுக்கக் கேட்க. "அவளுக்கு அரசாங்க அலுவல்."